செடார் உலகுக்கே பொது, ரோக்ஃபோர் ஓர் ஊருக்கு மட்டும்: ஏன் இப்படி?

"செடார் என்ற சீஸின் பெயரும் ஊர்ப் பெயர்தான், ரோக்ஃபோர் என்ற நீலச் சீஸின் பெயரும் ஊர்ப் பெயர்தான். செடாரை யார் வேண்டுமானாலும் செய்து அதே பெயரில் விற்கலாம். ரோக்ஃபோர் என்று எழுதினால் மட்டும் வழக்கு வருகிறது. ஏன் இந்த வித்தியாசம்? அதே பால், அதே பூஞ்சை, அதே பக்குவம் என்றால் ஊர் மாறுவதால் என்ன குறைந்துவிடும்? கடைசியில் இது போட்டியை ஒழிக்கும் ஏற்பாடுதானே?" என்று கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்விகளும் நியாயமானவை. மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சீஸ் செய்பவர்கள் கூடி உட்கார்ந்து, "இப்படித்தான் செய்வோம், இதற்குக் கீழே இறங்க மாட்டோம்" என்று தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாக, இந்தக் கட்டுக்கு உட்படாதவர் எங்கள் பெயரை எடுக்கக் கூடாது என்று சட்டத்திடம் கேட்கிறார்கள். பெயர்க் காப்பு என்பது இந்த ஒப்பந்தம். ஊர் என்பது அந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்று, அவ்வளவுதான். இன்னொரு விஷயம் காலம். பெயர் உலகமெங்கும் சிதறுவதற்கு முன்னால் கேட்டவர்களுக்குக் கிடைத்தது. பின்னால் கேட்டவர்களுக்குப் பாதி கிடைத்தது, அல்லது ஒன்றுமே கிடைக்கவில்லை.

ரோக்ஃபோர் கேட்டது மிகவும் முன்னால். தெற்கு பிரான்சில் அவேரோன் பகுதியில், கொம்பலூ என்ற சுண்ணாம்புப் பாறை மலையின் அடியில் உள்ள சிற்றூர் அது. மலை ஒரு காலத்தில் சரிந்து விழுந்ததில் பாறைகளுக்குள் குகைகள் உண்டாயின. அந்தக் குகைகளுக்குள் காற்று போய்வர இயற்கையான வெடிப்புகள் இருக்கின்றன. அவற்றை அவ்வூர்க்காரர்கள் ஃப்ளூரின் என்பார்கள். வெளியே வெயில் காய்ந்தாலும் பனி பெய்தாலும் உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் பெரிதாக மாறாமல் இருப்பது இந்த வெடிப்புகளால்தான். இந்தச் சீஸில் படரும் நீலப் பூஞ்சைக்கு இதைவிடத் தோதான வீடு கிடையாது. 1411இல் மன்னர் ஆறாம் சார்ல், இந்தச் சீஸைப் பக்குவப்படுத்தும், அதாவது குகையில் வைத்து முதிரவிடும், உரிமையை அந்த ஊர் மக்களுக்கே கொடுத்தார். 1666இல் துலூஸ் நீதிமன்றம் அதை மறுபடி உறுதி செய்தது. 1925இல் பிரான்ஸ் தனிச் சட்டமே போட்டது. தோற்றப்பெயர் காப்பு பெற்ற முதல் சீஸ் அதுதான்.

ஆனால் இங்கே பலர் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. ரோக்ஃபோருக்கான பால் அந்த ஊரில் கறப்பதல்ல. சுற்றியுள்ள பெரிய நிலப்பரப்பில் லக்கோன் இனச் செம்மறி ஆடுகளிடமிருந்து வருகிறது. ஒரு காலத்தில் கோர்சிகா தீவிலிருந்தும் பிரனீஸ் மலையடிவாரத்திலிருந்தும்கூட வந்தது. ஊருக்குள் நடந்தே தீர வேண்டியது பக்குவப்படுத்தல் மட்டும். ஆக "ஊர்" என்று நாம் சொல்வதன் எல்லை எங்கே என்பதைக்கூட மனிதர்கள் உட்கார்ந்துதான் முடிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சாத பச்சைப் பால், குறிப்பிட்ட ஆட்டினம், குறைந்தது 90 நாள் பக்குவம் என்ற மற்ற விதிகளும் அப்படி எழுதப்பட்டவையே.

இனி செடாரைப் பாருங்கள். இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் செடார் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அங்கேயும் குகைகள் உண்டு. செடார் என்றதும் சீஸ்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு கைவேலை. திரிந்த பால் கட்டியைப் பலகை பலகையாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புரட்டிப் புரட்டி நீரை வடியவிட்டு, அப்புறம் பொடித்து உப்பிட்டு அச்சில் அழுத்துவது. அந்த வேலைக்கே செடாரிங் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் சாமர்செட்காரரான ஜோசப் ஹார்டிங் இந்த முறையைச் சூடு, புளிப்பு, நேரம் என்று அளந்து ஒழுங்குபடுத்தினார். நல்ல சீஸ் உருவாவது வயலிலோ மாட்டிலோ அல்ல, பால் பதனிடும் அறையில்தான் என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்த நம்பிக்கைக்கு ஏற்ப, தெரிந்ததை ஒளிக்காமல் கேட்டவருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்த முறை ஸ்காட்லாந்துக்குப் போனது, அமெரிக்காவுக்குப் போனது, ஆஸ்திரேலியாவுக்கும் போனது. ஓர் ஊரின் பெயர் ஒரு தொழில்முறையின் பெயராக ஆனது இப்படித்தான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அறிவைப் பூட்டி வைக்காத மனிதர் அவர். உலகத்துக்கு நல்ல சீஸ் கிடைத்தது. விலை கொடுத்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்த சாமர்செட் பண்ணைக்காரர்கள். அதன்மேல் இரண்டாம் உலகப் போர் வந்தது. ரேஷனுக்காகப் பாலையெல்லாம் ஒரே வகைச் சீஸாகச் செய்யச் சொன்னது பிரிட்டிஷ் அரசு; அதற்கு அரசாங்கச் செடார் என்றே பெயர். பண்ணை வீடுகளில் தலைமுறையாகச் செய்துவந்த எத்தனையோ பேர் கைவிட்டார்கள், ரேஷன் முடிந்த பிறகும் திரும்பவில்லை. ஐரோப்பா பெயர்க் காப்புச் சட்டம் கொண்டுவந்த 1992இல் செடார் என்ற சொல்லை எவராலும் கூப்பிட்டு வீட்டுக்குள் அழைத்துவர முடியவில்லை. "மேற்கு நாட்டுப் பண்ணைவீட்டுச் செடார்" என்ற நீண்ட பெயருக்கு மட்டும் காப்பு கிடைத்தது. டார்செட், சாமர்செட், டெவன், கார்ன்வால் ஆகிய நான்கு மாவட்டங்களில், அங்கேயே கறந்த பாலில், பண்ணையிலேயே செய்து, குறைந்தது 9 மாதம் வைத்திருந்தால் அந்தப் பெயரைப் போடலாம்.

கமெம்பேர் இவ்விரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பிரான்சின் நார்மண்டிப் பகுதியின் சீஸ் அது. ரயில் வந்ததும் பாரிசுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய மரப்பெட்டி வந்ததும் இன்னும் தூரம் போனது. முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குக் கொடுத்ததும் நாடு முழுக்கப் பழகிவிட்டது. நார்மண்டிக்காரர்கள் விழித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனபோது, 1926இல் ஓர்லியான் நீதிமன்றம் கமெம்பேர் பொதுப்பெயர் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டது. ரோக்ஃபோருக்குத் தனிச் சட்டம் வந்த அடுத்த வருடம் இது! "நார்மண்டி கமெம்பேர்" என்ற பெயருக்குக் காப்பு வர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஊர் மாறினால் என்ன குறையும்?

நேர்மையாகச் சொன்னால், நாக்கில் படும் ருசியை மட்டும் கேட்டால், திறமையான ஒருவர் வேறு ஊரில் மிக நல்ல நீலச் சீஸ் செய்துவிட முடியும். செய்கிறார்கள். குறைவது வேறு ஒன்று. அதைப் புரியவைக்க பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியக் கடினச் சீஸைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் மலைப்பு தருவது அதன் விதிநூல்தான்.

இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா மாவட்டங்கள், ரேனோ ஆற்றுக்கு மேற்கே பொலோன்யாவின் ஒரு பகுதி, போ ஆற்றுக்குத் தெற்கே மாந்தோவாவின் ஒரு பகுதி. இதுதான் எல்லை. மாலையில் கறந்த பாலை அகலமான தொட்டிகளில் இரவு முழுக்க விடுகிறார்கள். ஆடை மேலே ஏறுகிறது, அதை எடுத்துவிடுகிறார்கள். காலையில் கறந்த முழுப்பாலை அதனோடு சேர்க்கிறார்கள். மணியைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போன்ற செப்புக் கொப்பரை. உறைமோராக ஊற்றுவது முந்தைய நாள் சீஸ் செய்தபோது பிரிந்த நீர். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்த்துத் திரியவைத்து, கம்பி வலைபோன்ற ஒரு கருவியால் அரிசிமணி அளவுக்கு உடைத்து, சுமார் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். அடியில் படிந்த திரளைத் துணியால் அள்ளி இரண்டாக வெட்டினால் இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு வட்டுகள். ஒவ்வொன்றும் 40 கிலோ அளவில் இருக்கும். ஒன்றுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் போகும். வாரக்கணக்கில் உப்புநீரில் ஊறி, அப்புறம் குறைந்தது 12 மாதம் அலமாரியில்.

இவற்றில் எது அந்தப் பெயரைத் தாங்குகிறது என்று கேட்டால் நான் மாட்டுத் தீவனத்தைச் சொல்வேன். பார்மிஜானோ மாடுகளுக்குச் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த ஊறுகாய்ப் புல், கொடுக்கவே கூடாது. ஏன் என்றால், சைலேஜில் ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். அவை மாட்டின் வழியாகப் பாலுக்கு வந்து, சீஸுக்குள் மாதக்கணக்கில் தூங்கி, பிறகு வாயுவை உண்டாக்கி வட்டை உள்ளிருந்து பிளந்துவிடும். பக்கத்திலேயே செய்யப்படும் கிரானா படானோ அதே குடும்பத்துச் சீஸ்தான். அதன் விதிகள் சைலேஜை அனுமதிக்கின்றன. ஆனால் அந்த நுண்ணுயிரியை அடக்க முட்டை வெள்ளையிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருளைச் சேர்க்கலாம் என்கின்றன. பார்மிஜானோவில் அதற்கு இடமில்லை. பால், உப்பு, ரென்னெட் தவிர வேறெதுவும் கூடாது. அப்படியானால் விவசாயி வருடம் முழுக்க உலர்ந்த புல்லுக்கு வழிசெய்ய வேண்டும். அதற்கு நிலம் வேண்டும், ஆள் வேண்டும், வெயில் பார்த்து அறுக்க வேண்டும். செலவு கூடுகிறது, விலையும் கூடுகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெயருக்குக் காப்பு இல்லையென்றால், பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் சைலேஜ் போட்டு, லைசோசைம் சேர்த்து, 6 மாதத்தில் வெளியே எடுத்து, அதே பெயரில் பாதி விலைக்கு விற்பார். அவர் சீஸ் கெட்ட சீஸ் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது, வாங்குபவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டே வருடத்தில் உலர்புல்காரரும் சைலேஜுக்கு மாறிவிடுவார். வேறு வழி இருக்காது. நீங்கள் கேட்ட "என்ன குறையும்" என்பதற்கு என் பதில் இதுதான். முதலில் வட்டு மாறாது. அதற்கு முன்பே வைக்கோற்போர் காணாமல் போகும், அதன் பின்னால் அந்தச் சிறு பண்ணை போகும், கடைசியில்தான் சீஸ் மாறும்.

பார்மிஜானோ செய்பவர்கள் 1934இல் கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். 12 மாதம் ஆனதும் பரிசோதகர் ஒருவர் சின்னச் சுத்தியலோடு வருகிறார். வட்டைத் தட்டி, ஒலியைக் காது வைத்துக் கேட்கிறார். உள்ளே பிளவோ ஓட்டையோ இருந்தால் ஒலி மாறும். தேறினால் சூட்டுமுத்திரை. நடுத்தரம் என்றால் பக்கவாட்டில் இணைகோடுகள் போட்டு அடையாளம். தேறவில்லையென்றால் மேல்தோலில் அச்சான பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அது வெறும் சீஸாகத்தான் போக வேண்டும். தன் ஆளின் தவறுக்குத் தானே பெயரை அழிக்கும் இந்த வழக்கத்தைப் பார்க்கும்போது, இதை வெறும் வணிகத் தந்திரம் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

பிரான்சில் ஜூரா மலைப்பகுதியின் கோம்தே சீஸும் இதே ரகம். மோன்பெலியார்ட், பிரெஞ்சு சிமென்டால் என்ற இரண்டு மாட்டினங்கள் மட்டும். ஒவ்வொரு கறவை மாட்டுக்கும் இவ்வளவு புல்நிலமாவது வேண்டும் என்ற விதி. சைலேஜ் கிடையாது, கறக்கும் ரோபோ கிடையாது, பச்சைப் பால்தான். சீஸ் செய்யும் ஒரு கூடத்துக்குப் பால் வரும் வட்டம் 25 கிலோமீட்டர் விட்டத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி விதியை நன்றாகக் கவனியுங்கள். இது ருசிக்காக மட்டும் எழுதியதல்ல. இந்த விதி இருக்கும்வரை எந்தப் பெரிய நிறுவனமும் ஊர்க் கூடங்களையெல்லாம் மூடிவிட்டு ஒரே ராட்சதத் தொழிற்சாலை கட்ட முடியாது. அதனால்தான் இன்றும் அங்கே ஃப்ருய்தியேர் எனப்படும் சின்னச் சின்னக் கூட்டுறவுக் கூடங்கள் நூற்றுக்கும் மேல் இயங்குகின்றன. குறைந்தது 120 நாள் பக்குவத்துக்குப் பிறகு ஒவ்வொரு தொகுதிக்கும் 20க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 12க்குக் கீழே போனால் கோம்தே என்ற பெயர் இல்லை. எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஐரோப்பியச் சட்டம் 2012 முதல் இடம் கொடுக்கிறது. மாட்டுக்காரருக்குக் கட்டுப்படியான பால் விலை கிடைக்கிறது, பிள்ளைகள் பண்ணையை விட்டு ஓடுவதில்லை. எனக்குக் கேட்டால், பெயர்க் காப்பு என்பது எதற்காக என்பதற்கு கோம்தேயைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சட்டம் எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இரண்டு அடுக்கு உண்டு. தோற்றப்பெயர் என்றால் பால் முதல் பக்குவம் வரை எல்லாமே அந்த எல்லைக்குள் நடக்க வேண்டும். சிவப்பு மஞ்சள் முத்திரை. புவிசார் குறியீடு என்றால் ஏதாவது ஒரு கட்டமாவது அங்கே நடந்தால் போதும். நீல மஞ்சள் முத்திரை. கௌடா என்ற சீஸ் பெயர் பொதுவாகிவிட்டது, ஆனால் "கௌடா ஹாலந்து" இரண்டாவது வகைக் காப்பில் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

காப்பு கிடைத்த பெயரை அப்படியே எழுதினால்தான் குற்றம் என்றில்லை, அதை நினைவூட்டினாலே குற்றம். ஜெர்மனியின் கம்போசோலா சீஸ் வழக்கில் 1999இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது அது. காப்பு பெற்ற இத்தாலியச் சீஸான கொர்கொன்சோலாவின் கடைசி அசைகள் காதில் விழுகின்றன, பார்வையும் ஒத்திருக்கிறது. எனவே அது நினைவூட்டல்தான் என்றது. "பார்மெசான்" என்ற சொல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை நினைவூட்டுகிறது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பில், ஓர் அரசு தானாக முன்வந்து நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று சொல்லி ஜெர்மனியை விட்டுவிட்டார்கள். 2012இல் வந்த புதிய விதிமுறை அந்த ஓட்டையை அடைத்தது. இப்போது அரசே தடுக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு மிகவும் நெருக்கமான வழக்கு மான்செகோவுடையது. ஸ்பெயினின் லா மான்சாவில் மான்செகா ஆட்டுப் பாலில் செய்யும் சீஸ் அது. அதே பகுதியைச் சேர்ந்த ஓர் உற்பத்தியாளர், விதிநூலுக்கு உட்படாத வேறு சீஸ்களை, லா மான்சாவின் புகழ்பெற்ற கதைநாயகன் டான் குவிக்ஸோட்டை நினைவூட்டும் ஈட்டி ஏந்திய மெலிந்த குதிரைவீரன், காற்றாலை, ஆட்டுமந்தைப் படங்களோடு விற்றார். மான்செகோ என்ற சொல்லை எழுதவில்லை. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: படங்கள் மட்டுமே பெயரை நினைவூட்டப் போதுமானவையாக இருக்கலாம், அதே மண்ணில் இருப்பவர் என்பதற்காக விலக்கும் கிடையாது. ஊரில் பிறந்திருந்தால் போதாது, விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மோர்பியே என்ற சீஸின் வழக்கு இன்னும் ஒரு படி மேலே. ஜூரா பகுதியில் மாலைப் பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதைத் திரியவைத்து, காயாமலும் பூச்சி மொய்க்காமலும் இருக்க மேலே புகைக்கரியைத் தடவி வைப்பார்கள். மறுநாள் காலைப் பாலின் திரளை அதன்மேல் போடுவார்கள். வெட்டினால் நடுவே கருங்கோடு. இன்று அது தாவரக் கரி, அழகுக்காகத்தான். வேறொருவர் வேறு பெயர் சூட்டி அந்தக் கோட்டோடு சீஸ் விற்றபோது வழக்கு வந்தது. பெயரைத் தொடாவிட்டாலும், அந்தச் சீஸுக்கே உரிய தோற்றத்தைப் பிரதி எடுத்து வாங்குபவரைக் குழப்பினால் தடுக்கலாம் என்று 2020இல் முடிவானது.

இவ்வளவு தூரம் போகும் சட்டம், ருசியை மட்டும் தொடவில்லை. 2018இல் நெதர்லாந்தின் மூலிகை கலந்த ஒரு தடவுசீஸ் பற்றிய வழக்கில், ருசிக்குப் பதிப்புரிமை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றது நீதிமன்றம். ருசி சாப்பிடுபவரின் வயது, பழக்கம், சற்றுமுன் என்ன தின்றார் என்பதையெல்லாம் பொறுத்தது; இதுதான் என்று துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடியாது. ஆகவே அதே ருசியில் ஒன்றைச் செய்ய உங்களை எவரும் தடுக்கவில்லை. உங்கள் சொந்தப் பெயரில் விற்றுக்கொள்ளுங்கள் என்கிறது சட்டம், அவ்வளவே.

கிரேக்கத்தின் ஃபெட்டா சீஸின் கதை கொஞ்சம் வேறு. அது ஊர்ப் பெயரே அல்ல. துண்டு என்ற பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. டென்மார்க் பல பத்தாண்டுகளாகப் பசும்பாலில் ஃபெட்டா செய்து விற்றது. 1996இல் கிரேக்கத்துக்குக் காப்பு கிடைத்தது, 1999இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2002இல் மறுபடி பதிவானது, 2005இல்தான் நிலைத்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெளிநாட்டு ஃபெட்டா பொட்டலங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றிலும் கிரேக்கப் பண்பாட்டை நினைவூட்டும் அடையாளங்களே இருந்தன. இது பொதுப்பெயர் என்று வாதாடியவர்களே, இதன் வீடு எது என்று பொட்டலத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். இன்று ஃபெட்டா என்றால் கிரேக்கத்தின் வரையறுத்த பகுதிகளில், செம்மறிப் பாலில், வெள்ளாட்டுப் பால் சேர்த்தால் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல், இரண்டு மாதமாவது முதிர்ந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே ஏற்றுமதி செய்யும்போதும் டேனிஷ் நிறுவனங்கள் அந்தப் பெயரைப் போடுவதை டென்மார்க் அரசு தடுக்கத் தவறியது தவறு என்று 2022இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

ஐரோப்பாவின் எல்லை தாண்டினால் இதெல்லாம் தளர்ந்துவிடும். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் கொடுத்த உறுதியான காப்பு சீஸுக்கு இல்லை. அமெரிக்காவில் பார்மெசான் என்பது 10 மாதம் முதிர்ந்த ஒரு கடினச் சீஸ் வகை என்று அரசு விதியே வரையறுக்கிறது. சுவிட்சர்லாந்தின் க்ருயேர் சீஸ்காரர்கள் அங்கே சான்றிதழ்க் குறி, அதாவது விதிப்படி செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம் என்ற பதிவு, கேட்டுப் போனார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெரிக்கருக்கு க்ருயேர் என்பது ஊரைக் குறிக்காது, ஒரு வகையைத்தான் குறிக்கும் என்று சொல்லிவிட்டது. அமெரிக்கத் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இத்தாலியிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள் தங்கள் கைத்தொழிலோடு அதன் பெயரையும் எடுத்துச் சென்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தலைமுறைகளாக அதைச் செய்பவர்களைத் திருடர் என்று பேசுவது எனக்கு ஒப்பாது. கனடாவோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்த ஒப்பந்தம் இதற்கு ஒரு நடுவழி கண்டது: 2013 அக்டோபருக்கு முன்பிருந்தே ஃபெட்டா, அசியாகோ என்று விற்றுவந்தவர்கள் தொடரலாம், புதிதாக வருபவர்கள் "பாணி" போன்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். மனிதர் பிழைப்பைக் கெடுக்காமல் பெயரைக் காப்பாற்றும் வழியாக இதை நான் மதிக்கிறேன்.

இப்போது மூன்றாவது கேள்வி. போட்டியை ஒழிக்கும் ஏற்பாடா? சில இடங்களில், ஆம், அந்த ஆபத்து உண்டு. விதிநூலை எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இங்கிலாந்தின் ஸ்டில்டன் சீஸைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், ஸ்டில்டன் ஊரின் பெல் விடுதியில் இந்த நீலச் சீஸ் பிரபலமானது. ஊரின் பெயரே நிலைத்தது. 1996இல் காப்பு கிடைத்தபோது எல்லையாக எழுதப்பட்டவை டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர். ஸ்டில்டன் ஊர் இருப்பது கேம்பிரிட்ஜ்ஷயரில்! ஆக ஸ்டில்டனில் ஸ்டில்டன் செய்ய முடியாது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொரு விதி. 1980களின் இறுதியில் உணவு நச்சு பற்றிய அச்சம் கிளம்பியதும் செய்பவர்கள் பாஸ்டரைஸ் செய்த பாலுக்கு மாறினார்கள். அதையே விதியாகவும் எழுதிவிட்டார்கள். பின்னால் 2006இல் நாட்டிங்ஹாம்ஷயரிலேயே, எல்லைக்குள்ளேயே, ஒரு பண்ணை பழைய முறைப்படி பச்சைப் பாலில் அதைச் செய்யத் தொடங்கியது. அதற்கு ஸ்டில்டன் என்ற பெயர் கிடைக்கவில்லை. ஸ்டிச்செல்டன் என்று ஊரின் பழம்பெயரைச் சூட்டி விற்கிறார்கள். பழைய முறைக்குப் பெயர் இல்லை, புதிய முறைக்குப் பெயர் உண்டு. காப்பு தலைகீழாகிப்போன இடம் இது.

நார்மண்டியிலும் இந்த இழுபறி நடந்தது. "நார்மண்டி கமெம்பேர்" என்றால் பச்சைப் பால், பாதியாவது நார்மாந்து இன மாடுகள், அகப்பையால் ஐந்து தடவையாவது இடைவெளி விட்டு அச்சில் ஊற்றுவது. 2007இல் பெரிய உற்பத்தியாளர்கள் சிலர் பாலைச் சூடாக்கும் முறைக்கு இடம் கேட்டார்கள், கிடைக்காததால் காப்பிலிருந்தே விலகினார்கள். "நார்மண்டியில் தயாரித்த கமெம்பேர்" என்ற சொல்லோடு பாஸ்டரைஸ் செய்த சீஸ் பல வருடம் அலமாரியில் இருந்தது. 2018இல் இரண்டையும் ஒரே காப்புக்குள் கொண்டுவர ஓர் உடன்பாடு செய்தார்கள். பச்சைப் பால்காரர்கள் எதிர்த்து நின்றதில் அது 2020இல் விழுந்தது. 2021 முதல் அந்தக் குழப்பமான சொற்றொடரையும் போடக் கூடாது. விதியைத் தளர்த்தி எல்லோரையும் உள்ளே சேர்ப்பது பரந்த மனம்போலத் தோன்றும். ஆனால் தளர்ந்த விதியின் மேல் உட்கார்ந்திருக்கும் பெயர், அகப்பை பிடித்தவருக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன்.

நீங்கள் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதிலிருந்தே வருகிறது. முதல் சொல்லை விட்டுவிட்டு அதன் பின்னால் வரும் சொல்லைப் படியுங்கள். கமெம்பேரோடு நார்மண்டி முழுப்பெயராக இருக்கிறதா, கௌடாவோடு ஹாலந்து இருக்கிறதா, பார்மெசான் என்று இருக்கிறதா அல்லது பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று இருக்கிறதா? அப்புறம் முத்திரையின் நிறம். இன்னும் ஆர்வம் இருந்தால், ஐரோப்பிய ஒன்றியம் காப்பு கொடுத்த ஒவ்வொரு பெயருக்கும் விதிநூல் வெளிப்படையாகக் கிடைக்கும். ஒன்றை எடுத்து மாட்டுத் தீவனம் பற்றிய பகுதியை முதலில் படித்துப் பாருங்கள். கறப்பவரிடம் கண்டிப்பாக எதையும் கேட்காத விதிநூல் என்றால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் யோசிப்பேன்.